கண்காணியும் கங்காணியும்

1

பயிருக்கும் புல்லுக்கும் மருந்து தெளிப்பது பற்றிய பிரித்தானியச் சட்டத்துக்குள் ஒரு சிறிய விலக்கு உண்டு. தொழில்முறைப் பாவனைக்கென அனுமதிக்கப்பட்ட எந்த மருந்தையும் சான்றிதழ் இல்லாதவர் தெளிக்கக்கூடாது என்பது பொதுவிதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009 ஆம் ஆண்டு வழிகாட்டலைத் தொடர்ந்து 2012 இல் இங்கே கொண்டுவரப்பட்ட ஒழுங்குவிதிகள் இதைச் சொல்கின்றன. விலக்கு இதுதான்: அந்தச் சான்றிதழைப் பெறுவதற்காகப் பயின்றுகொண்டிருக்கும் ஒருவர், சான்றிதழ் உள்ள இன்னொருவரின் நேரடி மேற்பார்வையில் தெளிக்கலாம். பயிற்சி நடக்கும் காலத்துக்கு மட்டுமே இந்தச் சலுகை.

இதில் யோசிக்க எதுவும் இல்லை என்றுதான் முதலில் தோன்றும். பயிலாமல் தேர்ச்சி வராது, தொடாமல் பயில முடியாது. ஆகவே தேர்ச்சி பெறாத கை நஞ்சைத் தொடுகிற ஒரு காலம் இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் இருந்தே ஆகவேண்டும். அரிஸ்டோட்டில் தன்னுடைய ஒழுக்கவியல் நூலில் இதை எப்போதோ சொல்லிவிட்டார். வீடு கட்டித்தான் ஒருவர் மேசன் ஆகிறார், யாழ் மீட்டித்தான் ஒருவர் யாழ்க் கலைஞர் ஆகிறார், நற்பண்பும் அப்படியே செய்து செய்து வருவது என்பது அவர் கருத்து.

ஆனால் அரிஸ்டோட்டிலின் மேசனைப் பற்றி ஒரு கேள்வி கேட்கலாம். பழகுகிறவர் கட்டிய முதற் சுவர் விழுந்தால் அது யார்மேல் விழும்? யாழைப் பிழையாக மீட்டினால் காது மட்டும்தான் நோகும். சுவரும் நஞ்சும் அப்படியானவை அல்ல. கற்பவரின் பிழைக்கு விலை கொடுப்பவர் பெரும்பாலும் கற்பவர் மட்டும் அல்லர். அந்த விலையை மற்றவர்மேல் வைக்கும் உரிமை எங்கிருந்து வருகிறது, என்ன நிபந்தனையோடு வருகிறது என்பதையே இங்கே யோசிக்க விரும்புகிறேன். ஒரு சட்டத்தின் அடிக்குறிப்பு போன்ற இந்த விலக்கு நம்முடைய ஊர்களின் கதையையும் நாம் இங்கே வந்துசேர்ந்த கதையையும் தொடுகிறது என்பதால் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

2

செவன் கிங்ஸில் வசிப்பவர்களுக்குப் பயிலுநர்கள் புதியவர்கள் அல்லர். பக்கத்தில் குட்மேஸில் சாரதிப் பரீட்சை நிலையம் இருக்கிறது. ஆகவே எங்கள் தெருக்களில் எந்நேரமும் சிவப்பு 'எல்' எழுத்து மாட்டிய கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். பயிலும் சாரதியின் பக்கத்தில் 21 வயதுக்குக் குறையாத, அனுமதிப்பத்திரம் பெற்றுக் குறைந்தது 3 ஆண்டுகள் ஆன ஒருவர் அமர்ந்திருக்கவேண்டும். அந்தச் சிவப்பு எழுத்து பின்னால் வருகிறவருக்கும் தெருவைக் கடக்கிறவருக்கும் ஒரு செய்தி சொல்கிறது: இவர் பழகுகிறார், கொஞ்சம் விலகியிருங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். நாமும் பொறுத்துக்கொள்கிறோம். நாமும் ஒருகாலத்தில் அந்த எழுத்தை மாட்டிக்கொண்டு திரிந்தவர்கள்தானே.

மருந்து தெளிப்பவருக்கு அப்படி ஒரு பலகை இல்லை. வசந்தம் பிறந்து நடைபாதைக் கற்களின் இடுக்குகளில் புல் முளைக்கத் தொடங்கும் காலத்தில், இலண்டனின் பல பகுதிகளில் முதுகில் தாங்கி சுமந்த ஒருவரைக் காணலாம். கையில் நீண்ட குழல். அதன் முனையிலிருந்து பெரும்பாலும் கிளைபோசேட் கலந்த நீர் சொரியும். இவர் எத்தனையாவது நாளாக இதைச் செய்கிறார் என்று நமக்குத் தெரியாது. சான்றிதழ் பெற்றவரா பயிலுநரா என்று தெரியாது. பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளையை யாரும் கேட்பதில்லை, தள்ளுவண்டியில் கிடக்கிற குழந்தையை யாரும் கேட்கப் போவதும் இல்லை. நாய் அந்த ஈரத்தை நக்கிக்கொண்டு போகும்.

கிளைபோசேட் பற்றிய விஞ்ஞானச் சண்டையை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் சேர்த்தது. ஐரோப்பிய, பிரித்தானிய ஒழுங்குபடுத்துநர்கள் அதைத் தொடர்ந்து அனுமதித்தார்கள். நான் சொல்ல வருவது அதைவிட எளிமையானது. எந்த மருந்தாக இருந்தாலும் அது ஆளையும் இடத்தையும் பொறுத்தே பாதுகாப்பானதாகவோ ஆபத்தானதாகவோ ஆகிறது.

தெளிப்பவர் கற்கவேண்டியவை பல. எந்த வேகத்தில் நடந்தால் எவ்வளவு மருந்து நிலத்தில் விழும் என்று முன்கூட்டியே தண்ணீரை வைத்து அளந்து பார்க்கவேண்டும். எந்தக் குழல்முனை பெரிய துளியைத் தரும், எது காற்றில் மிதக்கிற நுண்துளியைத் தரும் என்று தெரியவேண்டும். காற்று எழும்பினால் நிறுத்தவேண்டும். மழை வருமென்றால் தொடங்கவே கூடாது. கல்லும் சீமெந்தும் எதையும் உறிஞ்சுவதில்லை, அங்கே விழுந்தது வடிகாலுக்குத்தான் ஓடும். செவன் கிங்ஸின் பெயரைத் தாங்கிய சிறு ஓடை ஒன்று பூங்காவுக்குள்ளும் நிலத்துக்கடியிலும் ஓடிக்கொண்டிருப்பது பலருக்குத் தெரியாது. தெளிப்பவருக்கு அது தெரிந்திருக்கவேண்டும். வெறும் போத்தலை மூன்று தரம் அலசி, அந்தத் தண்ணீரையும் தாங்கிக்குள்ளேயே ஊற்றவேண்டும். கையுறையைக் கழற்ற முதல் கையுறையோடு கையைக் கழுவவேண்டும்.

இவற்றில் பாதியைப் புத்தகத்தில் படிக்கலாம். இங்கே முதலில் கோட்பாட்டுக்கு ஒரு சான்றிதழ், பிறகு ஒவ்வொரு கருவிக்கும் செய்முறைச் சான்றிதழ் என்று இருப்பதும் அதனால்தான். மற்றப் பாதி முதுகிலும் மணிக்கட்டிலும் கன்னத்தில் படுகிற காற்றிலும் கற்கப்படுவது. ஆகவே விலக்கு வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தெருவில் போகிறவர் சம்மதம் தராத ஓர் ஆபத்தை அவர்மேல் வைக்கிறோம் என்பதும் உண்மை. அந்த உண்மையை ஈடுசெய்வது விலக்கோடு சேர்த்துக் கட்டப்பட்ட அந்த இரண்டு சொற்கள்தான்: நேரடி மேற்பார்வை.

3

பயிலுநர் விலக்குக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு விலக்கு இதே நாட்டில் நெடுங்காலம் இருந்தது. 1986 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின் கீழ் சான்றிதழ் முறை வந்தபோது, 1964 டிசம்பர் 31 அன்றோ அதற்கு முன்போ பிறந்தவர்கள் தங்கள் சொந்த நிலத்திலோ தங்கள் முதலாளியின் நிலத்திலோ தெளிப்பதற்குச் சான்றிதழ் தேவையில்லை என்று விடப்பட்டது. கூலிக்கு மற்றவர் நிலத்தில் தெளிக்கும் ஒப்பந்தக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. 'பாட்டனார் உரிமை' என்றே அதைச் சொன்னார்கள். அமெரிக்கத் தென்மாநிலங்களில் எழுத்தறிவுச் சோதனையிலிருந்து வெள்ளையருக்கு விலக்குக் கொடுத்து, கறுப்பினத்தவரை வாக்குச் சாவடிக்கு வெளியே நிறுத்திய சட்டங்களிலிருந்து வந்த சொல் அது. அந்தச் சட்டங்களை அமெரிக்க உச்சநீதிமன்றம் 1915 இல் தள்ளுபடி செய்தது. சொல் மட்டும் அதன் நாற்றம் போய்ப் புழக்கத்தில் தங்கிவிட்டது.

இங்கிலாந்தின் விவசாயிகளுக்குக் கிடைத்த பாட்டனார் உரிமையில் அத்தகைய கபடம் இல்லை. நாற்பது வயதில் தன் தோட்டத்தில் நின்று தெளிக்கிற ஒருவரைப் போய்ப் பரீட்சை எழுது என்று சொல்வது அவமரியாதை என்ற எண்ணம்தான் அதற்குப் பின்னால் இருந்தது. அந்த எண்ணத்தில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் அனுபவம் ஒருவருக்குச் சரியானதையும் பழக்கும், பிழையானதையும் அதே உறுதியோடு பழக்கும். முப்பது வருடமாகக் கையுறை இல்லாமல் தெளித்தவர் கையுறை தேவையில்லை என்பதற்குத் தன்னையே சாட்சியாகக் காட்டுவார். நஞ்சோ வருடாவருடம் மாறிக்கொண்டிருக்கும். அந்த உரிமை 2015 நவம்பர் 26 அன்று முடிந்தது. நரைத்த தலைகள் போய்ப் பரீட்சை எழுதின. அவர்களுக்கென்றே தனியாக ஒரு சான்றிதழும் வகுக்கப்பட்டது.

தற்காலிக விலக்கு என்பதற்கு இந்த நாட்டில் இன்னொரு நல்ல உதாரணம் இருக்கிறது. சூயஸ் நெருக்கடியால் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1956 நவம்பரில் சாரதிப் பரீட்சைகள் நிறுத்தப்பட்டன. பரீட்சகர்கள் எரிபொருள் பங்கீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த மாதங்களில் பயிலும் சாரதிகள் பக்கத்தில் யாரும் இல்லாமல் தனியே ஓட்ட அனுமதிக்கப்பட்டார்கள். 1957 ஏப்ரலில் அது முடிவுக்கு வந்தது. அரசு ஓர் ஆபத்தை ஏற்றது, ஏன் ஏற்கிறோம் என்று சொன்னது, காரணம் தீர்ந்ததும் கதவைச் சாத்தியது. விலக்கு ஒன்று நேர்மையானதா என்று பார்க்க அதன் முடிவுத் தேதியைப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். மற்றப் பாதியை அறிய, அந்தக் காலத்தில் பக்கத்தில் இருப்பது யார் என்று பார்க்கவேண்டும்.

4

செவன் கிங்ஸில் வளர்ந்த ஒரு பையன், எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தவன், பூங்காக்களையும் தெருவோரங்களையும் பராமரிக்கும் வேலையொன்றில் சேர்ந்திருந்தான். பயிலுநர் நிலை. ஒருநாள் என்னிடம் சொன்னான்: "அங்கிள், அவர் வானுக்குள்ள இருந்து போன் பாத்துக்கொண்டிருப்பார். நான் நாலு றோட்டுத் தள்ளி அடிச்சுக்கொண்டு நிப்பன். பேப்பரில அது சூப்பர்விஷன்தான்." பிறகு கேட்டான்: "நான் மாட்டன் எண்டு சொல்லலாமோ?"

அந்தக் கேள்வியை நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். அதற்கு முதல், நாலு தெரு தள்ளி நிற்பது மேற்பார்வைதானா என்ற கேள்வி இருக்கிறது. அமெரிக்கா 1972 இல் திருத்தியெழுதிய பீடைகொல்லிச் சட்டத்தில் இதற்கு விசித்திரமான ஒரு விடை உண்டு. சான்றிதழ் பெற்றவரின் அறிவுறுத்தலுக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டு ஒருவர் தெளித்தால், தேவைப்படும்போது அந்தச் சான்றிதழ்காரர் கிடைப்பார் என்றால், அவர் அந்த இடத்தில் அந்த நேரத்தில் நேரில் இல்லாவிட்டாலும் அது நேரடி மேற்பார்வையே என்கிறது அச்சட்டம். 2017 இல் வந்த புதிய விதிகள் அத்தகைய உதவியாளருக்குப் பயிற்சி, குறைந்தபட்ச வயது, உடனே தொடர்புகொள்ளும் வழி ஆகியவற்றைக் கட்டாயமாக்கின. ஆனாலும் நேரில் இல்லாத நேரடி மேற்பார்வை என்ற அந்தச் சொற்சிலம்பம் அப்படியே இருக்கிறது.

இதில் உள்ள ஓட்டை 'தேவைப்படும்போது' என்ற சொல்லில் இருக்கிறது. தேவைப்படுகிறது என்று தீர்மானிப்பவர் யார்? களத்தில் தனியே நிற்கும் பயிலுநர். அவரோ எந்தக் கணத்தில் உதவி தேவை என்று கண்டுபிடிக்கும் திறமையைத்தான் இன்னும் பெறவில்லை. காற்றுத் திசை மாறியதை அனுபவசாலி தோலால் உணர்வார், புதியவர் மருந்து முகத்தில் பட்ட பிறகுதான் உணர்வார். கூப்பிட்டால் வருவேன் என்பது கூப்பிடத் தெரிந்தவருக்குத்தான் உதவி. தெரியாதவருக்குப் பக்கத்தில் ஒரு கண் வேண்டும்.

கண் என்று சொன்னதும் நம்முடைய மொழிக்குள்ளேயே ஒரு பழைய கதை கிடக்கிறது. மேற்பார்வைக்குத் தமிழில் கண்காணிப்பு என்பது நல்ல சொல். கண்ணால் காண்பவர் கண்காணி. அந்தச் சொல்தான் பேச்சில் மருவிக் கங்காணி ஆனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டின் வறண்ட கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி இலங்கை மலையகத்துக்கும் மலாயாவுக்கும் கொண்டுபோனவர் கங்காணி. ஆங்கிலமும் அந்தச் சொல்லை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது. வேலைக்கு வந்த தலைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப அவருக்குக் காசு கிடைத்தது. தொழிலாளரின் கடனைப் பற்றுச்சீட்டாக எழுதி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆட்களோடு கைமாற்றிய 'துண்டு' முறை 1921 வரை நீடித்தது. கங்காணியின் கண் எப்போதும் திறந்தே இருந்தது. ஆனால் அது பார்த்தது கொழுந்தின் நிறையை, வராத ஆளை, தீராத கடனை. மலைச்சரிவில் வழுக்குகிற காலை அது பார்க்கவில்லை.

கண்காணிக்கும் கங்காணிக்கும் இடையில் உள்ள தூரத்தில்தான் பயிலுநர் விலக்கின் அறம் முழுவதும் இருக்கிறது. ஒருவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதால் மட்டும் அவருக்கு நன்மை வந்துவிடாது. யாருக்காகப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தே அது காவலாகவோ சுரண்டலாகவோ ஆகிறது. வானுக்குள் இருந்த அந்த மேற்பார்வையாளரும் ஒன்றைக் கவனித்துக்கொண்டுதான் இருந்திருப்பார். மாலைக்குள் எத்தனை தெரு முடியும் என்ற கணக்கை.

வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களை ஒருவரைத் தேர்ந்து அவரிடம் வேலையை ஒப்படைப்பது பற்றி வைத்திருக்கிறார். கவனித்தால், அந்த இரண்டும் பெரும்பாலும் ஒப்படைப்பவரை நோக்கியே பேசுகின்றன. பாரம் முதலில் அவருடையது. பயிலுநர் விலக்கும் அப்படித்தான் வாசிக்கப்படவேண்டும். பயிலுநருக்குக் கொடுத்த சுதந்திரமாக அதைப் பார்ப்பதைவிட, சான்றிதழ் பெற்றவர்மேல் ஏற்றிய சுமையாகப் பார்ப்பதே சரி. பயிலுநரிடம் இல்லாத தகுதியை அந்த நேரத்துக்கு அவர் கடனாகக் கொடுக்கிறார். பிழை நடந்தால் அது கடன் கொடுத்தவரின் பிழையும்கூட.

5

இப்போது ஊர்ப்பக்கம் திரும்பலாம். அங்கே விலக்கு எப்படி இருக்கிறது?

1958 இல் கேரளத்தில் பரத்தியோன் கலந்த கோதுமை மாவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மருந்தின் வணிகப் பெயர் பொலிடோல். யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரு தலைமுறைக்கே நஞ்சு என்பதற்கு மறுபெயராக நின்றது அந்தச் சொல். இந்திய அரசு நீதிபதி ஷா தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. அந்த வழியில் வந்ததுதான் 1968 ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். உற்பத்திக்கும் விற்பனைக்கும் அது பதிவையும் அனுமதிப்பத்திரத்தையும் கட்டாயமாக்கியது. 1971 இல் வந்த விதிகள் பாதுகாப்பு உடை, மருத்துவப் பரிசோதனை, தொழிலாளர் பயிற்சி என்று விரிவாகப் பேசின.

அதே சட்டத்தின் 38 ஆம் பிரிவு ஒரு விலக்கைத் தருகிறது. ஒருவர் தன் வீட்டுத் தேவைக்கோ, வீட்டுத் தோட்டத்துக்கோ, தான் பயிரிடும் நிலத்துக்கோ மருந்தைப் பயன்படுத்தினால் அந்தச் சட்டம் அவருக்குப் பொருந்தாது. கோடிக்கணக்கான சிறு விவசாயிகளைச் சான்றிதழுக்காக வரிசையில் நிறுத்த முடியாது என்ற நடைமுறைக் காரணம் விளங்குகிறது. ஆனால் விளைவைப் பாருங்கள். இங்கிலாந்தின் பயிலுநருக்கு விலக்கு ஒரு காலத்துக்கு, ஒரு கண்ணோடு சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. இந்தியாவின் விவசாயிக்கு அது வாழ்நாள் முழுவதற்கும், எந்தக் கண்ணும் இல்லாமல் கொடுக்கப்பட்டிருக்கிறது. அவர் என்றென்றைக்கும் பயிலுநர், பக்கத்தில் ஆசான் இல்லாத பயிலுநர். மருந்துக்கடைக்காரர் சொல்வதுதான் அவருக்குப் பாடம்.

இன்னொன்றும் உண்டு. விலக்கு நிலத்தைப் பயிரிடுபவரின் பெயரில் இருக்கிறது. தாங்கியைச் சுமப்பவரோ பெரும்பாலும் நாட்கூலிக்கு வந்தவர். 2017 பருத்திப் பருவத்தில் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் மருந்து தெளித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்குப் போனார்கள். பலர் விவசாயக் கூலிகள். அந்த ஆண்டு பருத்திச் செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. தலைக்கு மேல் குழலைத் தூக்கி அடித்தார்கள், அடித்தது அவர்கள்மேலேயே இறங்கியது. இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாகக் கலந்திருந்தார்கள். அதே பருவத்தில் தமிழ்நாட்டின் பெரம்பலூர் மாவட்டப் பருத்திக் காடுகளிலிருந்தும் மரணச் செய்திகள் வந்தன.

அதன்பின் எழுந்த விவாதத்தில் திரும்பத் திரும்பக் கேட்ட வாசகம், அவர்கள் பாதுகாப்பு உடை அணியவில்லை என்பது. கொதிக்கிற வெயிலில், நாட்கூலியில், யாரும் வாங்கித் தராத உடையை. ஒரு விலக்கு கைவிடலாக மாறும் இடம் இதுதான். விதியிலிருந்து உன்னை விடுவித்தோம் என்று முதலில் சொல்கிறார்கள், பிழை நடந்ததும் விதியைப் பின்பற்றாதது உன் குற்றம் என்கிறார்கள். பயிலுநரின் பிழை ஆசானுடையது என்றால் ஆசானே இல்லாதவரின் பிழை யாருடையது? அது விற்றவருடையது, அனுமதித்தவருடையது, நிலத்துக்காரருடையது. கடைசியாகத்தான் குழலைப் பிடித்தவருடையது. நடைமுறையில் வரிசை நேர்தலைகீழாக இருக்கிறது.

6

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை நம்மவர்களே முதலில் சொல்வார்கள். சான்றிதழ் என்பது அறிவின் அடையாளமாக மட்டும் இருந்ததில்லை, ஆட்களை வெளியே நிறுத்தும் வேலியாகவும் இருந்திருக்கிறது. ஊரில் ஆசிரியராக, கணக்காளராக, பொறியியலாளராக இருந்துவிட்டு இங்கே வந்து, பத்திரங்கள் செல்லாது என்று கேட்டுப் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலைக்குப் போனவர்களின் சமூகம் இது. விலக்கு ஏழையின் கடைசிப் புகல். அதையும் நிபந்தனைகளால் கட்டினால் வேலை யாருக்குப் போகும்? படிவம் நிரப்பத் தெரிந்தவருக்குத்தான்.

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. விலக்கின் பொருளை நம்மைப்போல் அறிந்தவர்கள் குறைவு. எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் இங்கே வந்த தமிழரில் பலருக்கு அகதி நிலை மறுக்கப்பட்டு, 'ஈ.எல்.ஆர்' என்று நாம் சொல்லிப் பழகிய, விதிவிலக்காகத் தங்கும் அனுமதிதான் கிடைத்தது. உன்னை ஏற்கவில்லை, ஆனால் இப்போதைக்கு இருந்துகொள் என்பது அதன் சாரம். அது பல உயிர்களைக் காப்பாற்றியது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனால் புதுப்பிக்கும் தேதியை எண்ணி எண்ணிக் கழிந்த வருடங்களில் மனைவியைக் கூப்பிட முடியாமல், முதலாளியிடம் எதிர்த்து ஒரு சொல் சொல்ல முடியாமல் இருந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். விலக்கில் வாழ்கிறவர் இல்லை என்று சொல்லும் பலத்தை இழந்தே வாழ்கிறார்.

பையனின் கேள்விக்கு இங்கேதான் வந்து சேர்கிறேன். மாட்டேன் என்று சொல்லலாமா? சொல்லலாம், சட்டமும் அவன் பக்கம்தான். பயிற்சிக்காகவும் நேரடி மேற்பார்வையிலும் என்ற இரண்டு நிபந்தனைகளும் இல்லாதபோது அவன் சான்றிதழின்றித் தெளிப்பவன் ஆகிவிடுகிறான். ஆனால் சொன்னால் அடுத்த வாரம் வேலை இருக்குமா என்பது சட்டப் புத்தகத்தில் இல்லை. பயிலுநரும் மலிவான கூலியாளும் ஒரே தாங்கியைச் சுமந்து ஒரே தெருவில் நடக்கிறார்கள். பயிலுநரால் தாங்கியை இறக்கிவைத்து, எனக்கு இது விளங்கவில்லை, வந்து பாருங்கள் என்று சொல்ல முடியும், அதனால் அவருக்கு எந்த இழப்பும் வராது. அதைச் சொல்ல முடியாதவரைப் பயிலுநர் என்று எழுதினாலும் அவர் பயிலுநர் அல்லர். ஆகவே விலக்கோடு நிபந்தனைகளைக் கட்டுவது ஏழையை வெளியே தள்ளும் என்ற வாதத்துக்கு என் பதில் இது: நிபந்தனை யார்மேல் கட்டப்படுகிறது என்று பாருங்கள். பயில்பவர்மேல் கட்டினால் அது வேலி. பயில விடுபவர்மேல் கட்டினால் அது காவல்.

7

கண் வைக்கவே முடியாத இடங்களில் என்ன செய்வது? ஒவ்வொரு பருத்திக் காட்டுக்கும் வெங்காயத் தோட்டத்துக்கும் ஒரு மேற்பார்வையாளரை அனுப்ப எந்த அரசாலும் முடியாது. இதற்கு இலங்கையிலிருந்தே ஒரு விடை இருக்கிறது. 1980 ஆம் ஆண்டின் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் அங்கே மிகக் கொடிய மருந்துகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டன. 1995 இல் மொனோகுரோட்டோபாஸும் மெத்தமிடோபாஸும், 1998 இல் எண்டோசல்பானும், 2008 இலிருந்து படிப்படியாகப் பராகுவாட்டும் போயின. 1995 இல் நாட்டின் தற்கொலை விகிதம் இலட்சத்துக்கு 47 என்ற உச்சத்தில் இருந்தது. பத்து ஆண்டுகளில் அது ஏறத்தாழப் பாதியானது. மனிதர்களைத் திருத்தி அது நடக்கவில்லை. கைக்கெட்டிய நஞ்சின் கொடுமையைக் குறைத்ததால் நடந்தது. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து வகுத்த நடத்தைக் கோவையும் இதையே சொல்கிறது: அசௌகரியமான, விலைகூடிய, எளிதில் கிடைக்காத பாதுகாப்பு உடையை வேண்டிநிற்கும் மருந்துகளை வெப்பநாட்டுச் சிறு விவசாயிகளிடம் கொடுப்பதைத் தவிர்க்கவேண்டும்.

இதுவும் மேற்பார்வையின் இன்னொரு வடிவம்தான். பக்கத்தில் நிற்க முடியாவிட்டால் அவர் கையில் எதைக் கொடுக்கிறோம் என்பதையாவது பார்க்கவேண்டும். இரண்டையும் செய்யாமல் சுதந்திரம் கொடுத்தோம் என்று சொல்லக்கூடாது. பிரித்தானியாவில் பராகுவாட்டைப் பாவிப்பது 2007 இலேயே நின்றுவிட்டது. ஆனால் ஹடர்ஸ்பீல்ட் ஆலையில் அதைச் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்புவது அதன் பின்னும் ஆண்டுக்கணக்கில் நடந்தது. சான்றிதழும் பயிற்சியும் மேற்பார்வையும் உள்ள நாட்டில் கொடுக்கமுடியாத ஒன்றை, அவை எதுவும் இல்லாத நாடுகளின் கைகளில் கொடுத்தார்கள்.

தமிழில் கங்காணியிடம் போகாத இன்னொரு பார்வையும் உண்டு. பிள்ளையை ஓரிடத்தில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் சொல்வது: "பார்த்துக்கொள்ளுங்கோ." பார்ப்பதும் காப்பதும் அந்தச் சொல்லில் ஒன்றாகிவிடுகின்றன. இந்த நாட்டுக்கு வந்த முதல் மாதங்களில் நம்மில் பலரை யாரோ ஒருவர் அப்படிப் பார்த்துக்கொண்டார்: ரயில் ஏறக் காட்டினார், படிவம் நிரப்பித் தந்தார், வேலைத்தலத்தில் நாம் விட்ட பிழையைத் தன்னுடையது என்று சொன்னார். நம்முடைய விலக்குக் காலத்தைக் கடக்க வைத்தது சட்டத்தைவிட அந்த மனிதர்தான்.

அடுத்த வசந்தத்தில் நம் வீட்டு வாசலில் தாங்கியோடு ஒரு பையன் நின்றால் சான்றிதழ் இருக்கிறதா என்று அவனை மிரட்டத் தேவையில்லை. அவன் இல்லை என்று சொல்லவேண்டி வரலாம், அது அவன் பிழையும் அல்ல. கேட்கவேண்டியது வேறு கேள்வி: தம்பி, உன்னோடு யார் வந்திருக்கிறார்? அவர் எங்கே?